டேப்பின் மறுமுனை

கூடத்துக்குப் பெரிய டிவி வாங்கியதும் பஸ் டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பீக்கர்களும் உட்காருகிற மாதிரி ஏழடி ஸ்டாண்டுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தையல்காரியான மனைவியின் டேப்பாலேயே சுவரை அளந்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டதும் அவள்தான்.

ஸ்டாண்டைக் கொண்டுவந்த கடை ஆள், ஜன்னலோரத் தையல் மெஷினைக் காட்டி, "இத எங்க சார் வைக்கிறது?" என்றான்.

டிரைவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"படுக்கையறையில பீரோவுக்குப் பக்கத்துல இடம் ஒதுக்கிட்டேன்," என்றாள் மனைவி.

"அங்க வெளிச்சமே கிடையாதே. அளக்கறப்பவே சொல்றதுக்கென்ன?"

"மெஷினை நகர்த்திட்டுத்தானே டேப்பை நீட்டுனீங்க. தெரிஞ்சேதான் செய்யறீங்கன்னு நெனச்சேன்," என்றாள், பாதி தைத்த சட்டையை மடித்துக்கொண்டே.

டிரைவருக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"டிவி போட்டுப் பாக்கலாமா சார்?" என்று கடை ஆள் கேட்டான்.

கையிலிருந்த ரிமோட்டை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.