ரயில் தூக்கிய சுமதியைத் தேடி ஆம்பூருக்கு ஒரு ஞாயிறு

சரக்கு ரயிலில் கார்டாக வேலை பார்த்தவள் நான். காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே எத்தனை முறை போய்வந்திருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஆனால் ஒரு பயணியாக, ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பாதையில் போனது இந்தப் பிப்ரவரியில்தான். ஓய்வுபெற்று அரக்கோணத்தில் சும்மா இருக்கும் எனக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேவைப்பட்டது. இருபது வருடங்களுக்கு முன்னால் எனக்கு உதவப் போய் ஒரு பெண்ணின் வேலை பறிபோனதா, இல்லையா? அவள் பெயர் சுமதி. ஏதோ ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. அதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினேன். அன்றுதான் கம்பெனிகளுக்கு விடுமுறை, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். காலை ஏழு மணிக்கு அரக்கோணத்தில் ஏறி எட்டேகாலுக்குக் காட்பாடியில் இறங்கினேன். இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, எல்லாம் சேர்த்து அறுபது ரூபாய். ஜோலார்பேட்டை பாசஞ்சர் ஒன்பது ஐந்துக்கு. ஆம்பூருக்குப் பதினைந்து ரூபாய் டிக்கெட், சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஓய்வுபெற்றவர்களுக்கு இலவச பாஸ் உண்டு. இருந்தாலும் அன்று காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்க்க ஆசையாக இருந்தது.

லத்தேரி, காவனூர், குடியாத்தம் என்று வண்டி நின்று நின்று போகும். அவசரக்காரர்களுக்கு இது ஆகாது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காட்பாடியிலிருந்து மேற்கே போகப் போகப் பாதை ஏறிக்கொண்டே இருக்கிறது. உட்கார்ந்து போகிறவர்களுக்கு அது சமதரை. நாற்பது வேகனை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் அது மேடு.

அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கார்டாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எங்கள் டிப்போவில் ஒரே பெண் கார்டு. சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போக வேண்டிய வேலை. டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும் அறையில் ஒருவர் தினமும் கேட்பார்: “வழில நக்கிள் ஒடஞ்சா இன்னாமா பண்ணுவ?” இரண்டு வேகன்களைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புக் கை இருக்கிறதே, அதில் விரல் மாதிரி மடங்கும் துண்டுக்குத்தான் நக்கிள் என்று பெயர். முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அவர் கேட்டதும் அறையே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன்.

ஒரு காலை, தோல் தொழிற்சாலைகளுக்கு உப்பு ஏற்றிய நாற்பது வேகன்களோடு போய்க்கொண்டிருந்தோம். பச்சகுப்பம் தாண்டிய பிறகு ஒரு பெரிய உலுக்கல். பிரேக் பிடித்து வண்டி நின்றது. மணி ஏழு ஐம்பது. வாக்கிடாக்கியில் டிரைவர் ரஹீம் பாயின் குரல் வந்தது.

“மேடம், காத்து எறங்கிப்போச்சு. வண்டி ரெண்டாயிடுச்சுன்னு நெனைக்கிறேன். பின்னாடி புடிங்க, வுட்றாதீங்க!”

இருபத்தோராவது வேகனுக்குப் பின்னால் அறுந்திருந்தது. என் பங்குக்குப் பத்தொன்பது வேகன்களும் என் பெட்டியும். இப்படி அறுந்தால் காற்று பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். எனக்குப் பின்னால் இறக்கம். இறக்கத்தின் அடியில், பச்சகுப்பம் ஸ்டேஷனில், எங்களைத் தொடர்ந்து வந்த பாசஞ்சர் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தது.

குதித்து இறங்கினேன். ஒவ்வொரு வேகனிலும் கைப்பிரேக்குக்கு ஒரு சக்கரம் உண்டு. உப்புக் காற்றில் துரு ஏறி அவை இறுகிக் கிடந்தன. முதல் சக்கரம் அசையவே இல்லை. காலைத் தண்டவாளத்தில் ஊன்றி, உடம்பையே தொங்கவிட்டு இழுத்தேன். திரும்பியது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்பதாவதில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. பதினோராவதை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் வண்டி இனி நகராது என்று நம்பிக்கை வந்தது.

அடுத்தது நக்கிள். என் பெட்டியின் பின்பக்கத்தில் இருந்ததைக் கழற்றினால் உடைந்ததற்குப் பதில் மாட்டலாம். ஆனால் அதை ஜல்லிக் கற்கள் மேல் முந்நூறு மீட்டர் தூக்கிப் போக வேண்டும். எதிர்த்தடத்தில் வண்டி வராமல் தடுக்க உதவி டிரைவர் சிவப்புக் கொடியோடு ஓடியிருந்தார். ரஹீம் பாய் என்ஜினை விட்டு இறங்கக் கூடாது. பக்கத்து லெவல் கிராசிங் கேட்காரர் போனை விட்டு நகரக் கூடாது. நக்கிளைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, இருபது அடி தூக்கிப் போனேன். கீழே வைத்தேன். மறுபடி பத்து அடி.

லெவல் கிராசிங்கை என் வேகன்கள் மறித்து நின்றன. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி பஸ். அதிலிருந்து ஒல்லியாக ஒருத்தி இறங்கி வந்தாள், கழுத்தில் அடையாள அட்டை.

“இன்னா மேடம், ஒத்தையா இழுத்துனு கீறீங்க? ஆம்பளங்க யாரும் இல்லியா?”

“இல்லம்மா. நான்தான் கார்டு.”

அவள் என் கையைப் பார்த்தாள். திரும்பி பஸ்ஸைப் பார்த்துக் கத்தினாள். “ஏய், அந்தத் தார்ப்பாயை எடுத்துனு நாலு பேரு வாங்கடி!”

நால்வர் வந்தார்கள். தார்ப்பாயில் நக்கிளை உருட்டி வைத்து, ஆறு பேரும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினோம். ஒருத்தி செருப்பு அறுந்து வெறுங்காலோடு நடந்தாள். வழியில்தான் அந்த ஒல்லிப் பெண் சாதாரணமாகச் சொன்னாள்: “எட்டரைக்கு கம்பெனி கேட்டு சாத்திடுவாங்க மேடம். எனக்கு இது மூணாவது லேட்டு. மூணு ஆச்சுன்னா இந்தக் கழுத்து கார்டைப் புடுங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

நான் நின்றுவிட்டேன். “அப்போ நீ போம்மா.”

“வண்டி நகர்ந்தாத்தான பஸ்ஸே போவும்? நடங்க.”

நக்கிளை மாட்டி ஆணியைச் செருகினேன். ரஹீம் பாய் என் சொல் கேட்டு அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தார். ‘டக்’ என்று கவ்வியது. அந்தப் பெண்கள் போட்ட கூச்சலில் கேட்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். இறுக்கிய சக்கரங்களையெல்லாம் அவர்களும் சேர்ந்து திருப்பித் தளர்த்தினார்கள். கிளம்பும் முன் என் மெமோ புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து, ‘ரயில்வே பணிக்கு உதவியதால் இந்தப் பேருந்தில் உள்ளவர்களுக்குத் தாமதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். “பேரு?” என்று கேட்டேன். “சுமதி.” ஒன்பது ஐந்துக்கு வண்டி நகர்ந்தது.

அதன் பிறகு நக்கிளைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தாளைக் கம்பெனிக்காரர்கள் மதித்தார்களா? இந்தக் கேள்வி மட்டும் என்னை விடவே இல்லை. பிறகு வேறு பகுதிக்கு மாற்றல், வீடு, பிள்ளைகள் என்று வருடங்கள் ஓடிவிட்டன.

ஆம்பூரில் பத்தேகாலுக்கு இறங்கினேன். ஆட்டோ ஓட்டியவர் பெயர் சாதிக். போக, காத்திருக்க, திரும்ப எல்லாவற்றுக்கும் ஐந்நூறு ரூபாய் பேசினோம். எட்டு கிலோமீட்டர். லெவல் கிராசிங் இருந்த இடத்தில் இப்போது சுரங்கப்பாதை. நான் பார்த்த கேட் அறை போன இடம் தெரியவில்லை. பக்கத்து ஊர் டீக்கடையில் சாதிக் விசாரித்தார்.

“ஷூ கம்பெனில வேலை செய்ற சுமதின்னு...”

“இங்க நாலு சுமதி கீறாங்களே. எந்த சுமதி?”

“முன்ன ஒருநாள் ரயில் நின்னப்போ உதவி பண்ணாங்களே,” என்றேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் முகம் மலர்ந்தது. “ரயிலு தூக்கின சுமதியா! அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? மூணாவது தெரு, பச்சை கேட்டு.”

பச்சை கேட்டைத் திறந்தவளுக்கு நரை விழுந்திருந்தது. ஒல்லி இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் தழும்பு விழுந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். “கார்டு மேடம்!” என்று கத்தியபடி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

உட்காரக்கூட இல்லை, கேட்டுவிட்டேன். “அன்னிக்கு உன் வேலை போயிடுச்சா?”

“அத்த ஏன் கேக்குறீங்க. டைம் ஆபீஸ்காரன் உங்க சீட்டைப் படிச்சிட்டு சிரிக்கிறான். ரயில நீ தள்னியான்றான். மத்தவங்கல்லாம் போங்க, இவ மட்டும் நில்லுன்னான். பஸ்ஸுல வந்த நாப்பது பேரும் கேட்டாண்டயே நின்னுட்டாங்க மேடம். அவ வராம நாங்க போவ மாட்டோம்னாங்க. ஏத்துமதி சரக்கு அன்னிக்கு முடியணும். மேனேஜரே ஓடியாந்தாரு. உங்க சீட்டை வாங்கிப் பார்த்து ஸ்டேஷனுக்கு போன் போட்டாரு. ஸ்டேஷன் மாஸ்டர் அங்கேர்ந்து இன்னா சொன்னாரோ, மனுஷன் போனை வெச்சிட்டு எனக்குக் கைகுடுத்தாரு!”

“உன் கழுத்து கார்டு?”

“கார்டா? அந்த மூணு லேட்டையும் அழிச்சிட்டாங்க. இப்போ வேற கம்பெனில லைன் சூப்பர்வைசர். நூத்தி இருவது பேரு என்கிட்ட வேலை செய்றாங்க. லேட்டா வந்தா எதனாலன்னு கேட்டுட்டுத்தான் எழுதுவேன்.”

இருபது வருடமாக நெஞ்சில் கிடந்த கல் அவள் வீட்டு வாசலிலேயே விழுந்துவிட்டது. நான் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். அவள் சிரித்தாள். சாதிக்கை அனுப்பி அரை கிலோ பிரியாணி வாங்கிவரச் சொன்னாள். என்னைப் பணம் கொடுக்க விடவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரயில்களைப் பார்க்க வருகிறவர்கள் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். ஆம்பூர் ஸ்டேஷன் நடைமேடையிலிருந்தே சரக்கு வண்டிகள் நன்றாகத் தெரியும். நான் சொன்ன நேரங்கள் மாறலாம், கிளம்பும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிரியாணிக் கடைக்கு ஞாயிறன்று பன்னிரண்டரைக்கு முன் போய்விடுங்கள், தொட்டுக்கொள்ளத் தரும் கத்திரிக்காய் முதலில் தீர்ந்துவிடும். மார்ச்சுக்குப் பிறகு வெயில் ஜாஸ்தி. முகவரி இல்லாமல் யாரையாவது தேடிப் போகிறீர்களென்றால் டீக்கடையில் ஆரம்பியுங்கள், அவர்கள் செய்த காரியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாலை ஐந்தே முக்கால் வண்டிக்கு என்னை ஏற்றிவிடச் சுமதி வந்தாள். அன்று தார்ப்பாய் பிடித்தவர்களில் இன்னும் இரண்டு பேரைப் போன் போட்டு வரவழைத்திருந்தாள். நாங்கள் நால்வரும் நடைமேடையில் நின்றபோது ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து நீளமாக ஒரு சரக்கு வண்டி நிற்காமல் வந்தது. கடைசிப் பெட்டி வாசலில் சீருடையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், முப்பது வயது இருக்கும், கையில் பச்சைக் கொடி. எங்கள் வேலைக்கு இப்போது ட்ரெயின் மேனேஜர் என்று பெயர். சுமதிதான் முதலில் கத்தினாள். பிறகு நாங்கள் எல்லோருமே கையை வீசிக் கத்தினோம். யார் இவர்கள் என்று அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் வாய் நிறையச் சிரித்து, ஸ்டேஷன் தாண்டும்வரை எங்களுக்காகவே கொடியை ஆட்டிக்கொண்டு போனாள்.