கிட்டோஸின் நாலு விரல் சாய்வு

கிட்டோஸ் சாப்பிடும்போதுகூட முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் உட்காருவான். பருப்புக் கஞ்சியை முதலில் என்னை ஒரு வாய் குடிக்கச் சொல்லி, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் தான் குடிப்பான். உளிகளை இடுப்பில் கட்டிக்கொண்டே தூங்குவான். பிரீனே ஊரின் மலைச்சரிவில் அதீனா தேவிக்குக் கோயில் எழும்பிய காலத்தில் பத்து வருஷம் அவனோடு ஒரே சாரத்தில் நின்றேன். ஒரு நாளாவது என்னை நம்பியிருப்பான் என்கிறீர்களா? கிடையாது. ஆனால் வேலை அத்தனை சுத்தம்.

எங்கள் ஐயோனியத் தூண் கடலுக்கு அந்தப் பக்கத்து ஆட்களின் தூணைப் போல வெறுங்காலோடு தரையில் நிற்காது. கீழே பீடம், மேலே ஆட்டுக்கொம்பு போல இரண்டு பக்கமும் சுருண்ட தலை, இடையில் உச்சி முதல் அடிவரை இருபத்துநான்கு பள்ளம். சுருளைச் செதுக்கியவனை ஊர் கொண்டாடும். பள்ளம் வெட்டுகிற எங்களைப் போன்றவர்கள் பேரை யாரும் கேட்பதில்லை, ஒரு பள்ளம் பிசகினால் தவிர.

தூண் ஒரே கல் அல்ல, உருளைகளை அடுக்கியது. அடி உருளையிலும் உச்சி உருளையிலும் ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளங்களைத் தரையிலேயே வெட்டிவிடுவோம். மீதியை நிறுத்திய பிறகு வெட்டுவோம். மேல் பள்ளமும் கீழ் பள்ளமும் நேராக வரவேண்டுமே, அதற்காக இரண்டு உருளையிலும் நாலு பக்கம் நாலு கோடு கீறிவைப்பது வழக்கம். தூக்குகிறவர்கள் கோட்டுக்கு நேராகக் கோட்டை வைத்து இறக்குவார்கள். எங்கள் தூணில் அடி உருளை என்னுடையது, உச்சி உருளை கிட்டோஸுடையது.

அந்த வருஷம் பக்கத்துத் தூணுக்கு சாமோஸ் தீவு ஆட்கள் வந்தார்கள்.

"அவனுங்க முழியே சரியில்ல மாந்த்ரோன். நம்ம கோட்ட நகத்தி வச்சிருவானுங்க" என்றான் கிட்டோஸ் என்னிடம்.

"உன் கோட்ட நகத்தவாடா கடல் தாண்டி வந்தானுங்க?"

"நீ எதுக்கு அவனுங்களுக்கு வக்காலத்து வாங்குற?"

நான் உளியை எடுத்துக்கொண்டு என் உருளையிடம் போனேன்.

உருளை தூக்குகிற அன்று கிட்டோஸ் வரவில்லை. கெட்டுப்போன சிப்பியைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். யாரோ எதையோ கலந்துவிட்டதாகப் பார்க்கப் போனவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். இங்கே உச்சி உருளையில் கோட்டைத் தேடினால், ஒரு கோடுகூட இல்லை. மழமழவென்று தேய்த்து வைத்திருந்தது. கப்பி இழுத்துத் தூக்குகிறவர்கள் குத்துமதிப்பாக இறக்கி, இனி அசையாதபடி ஈயம் காய்ச்சி ஊற்றி, சுருள் தலையையும் ஏற்றிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கிட்டோஸ் சாரத்தில் ஏறி உச்சியிலிருந்து தூக்குக்குண்டை விட்டான். மேலே பள்ளம் இருந்த இடத்துக்கு நேர் கீழே இரண்டு பள்ளத்துக்கு நடுவிலுள்ள மேடு நின்றது. நாலு விரல் தள்ளியிருந்தது.

"நீதானேடா திருப்பின? அவனுங்க உனக்கு என்ன குடுத்தானுங்க?"

நிறுத்திய தூணைக் கெடுத்தவனின் உளிகளைப் பிடுங்கிக்கொண்டு மலையை விட்டு இறக்கிவிடுவார்கள். பிறகு மிலேத்தோஸ் நகரம் வரைக்கும் எந்தக் கோயிலிலும் அவனைச் சேர்க்கமாட்டார்கள். அது தெரிந்துதான் அவன் என்னை மேஸ்திரி ஹெரோபிதோஸ் முன்னால் இழுத்துப்போனான்.

"கோடே இல்லாம எப்படிய்யா வைக்கிறது?" என்றார் மேஸ்திரி.

"அடையாளம் வச்சிருந்தேன் ஐயா. இவன்தான் மாத்தி வச்சிட்டான்."

"எங்க இருக்கு, காட்டு."

"இவன் முன்னாடி காட்டமாட்டேன்."

"அப்ப உளியக் கீழ வை."

மூவரும் ஏறினோம். ஒரு பள்ளத்தின் உள்ளே, கசகசா அளவுக்கு ஒரு துளையை விரல் நுனியால் தொட்டுக் காட்டினான். சாமோஸ்காரர்களுக்குப் பயந்து கோடுகளை அவனே தேய்த்து அழித்துவிட்டு, இந்தத் துளையை அடையாளமாக வைத்திருக்கிறான்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது ஐயா! சத்தியமா ஒருத்தனுக்கும் தெரியாது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. யாருக்கும் தெரியாத அடையாளத்தை நான் எப்படி மாற்றியிருக்க முடியும்? மேஸ்திரி கையை நீட்டினார். கிட்டோஸ் உளிப்பையை அவிழ்க்கத் தொடங்கினான். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தான்.

எனக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அவன் அந்த முடிச்சோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஐயா, முப்பத்தெட்டு அடி உயரத்துல நாலு விரல்தானே. ஒவ்வொரு பள்ளத்தையும் கொஞ்சம் கொஞ்சமா சாய்ச்சுக் கொண்டுவந்தா கண்ணுக்குத் தெரியாது."

மேஸ்திரி தூணை உச்சியிலிருந்து அடிவரை கண்ணாலேயே அளந்துவிட்டு, "வெளிய மூச்சு விடக்கூடாது. ஊருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருமே மலை இறங்கவேண்டியதுதான்" என்றார்.

காவி தோய்த்த நூலின் ஒரு முனையை மேலே அவன் பிடித்தான், மறுமுனையைக் கீழே நான். இழுத்துச் சுண்டிவிட்டால் கல்லில் கோடு விழும், அதைத்தான் நூல் அடிப்பது என்போம். முதல் கோட்டுக்கு இறங்கிவந்து என் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏறினான். இரண்டாவதுக்கும் அப்படியே. ஒன்பதாவதில் ஏறி இறங்கி அலுத்துப்போய் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சரியாப் பிடிச்சிருக்கியாடா?"

"பிடிச்சிருக்கேன், அடிடா!"

"அதீனா மேல சத்தியமா?"

"உங்கப்பன் மேல சத்தியம். அடி!"

இருபத்துநான்கும் கச்சிதமாக வந்து சேர்ந்தன. கோயிலுக்கு விழா எடுத்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கிட்டோஸுக்குத்தான் அதன் பிறகு நிம்மதி போனது. வேலை இல்லாத நாளெல்லாம் அந்தத் தூணுக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வான். யாராவது அண்ணாந்து பார்த்தால் எழுந்துவிடுவான். "என்ன பாக்குற? அந்தத் தூணுல மட்டும் என்ன இருக்கு?" பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், மீன் விற்கிறவன், எவரையும் விட்டதில்லை. "எல்லாரும் இதைத்தான் பாக்குறாங்க மாந்த்ரோன்" என்பான். "உனக்குக் கிறுக்கு முத்திப்போச்சு" என்பேன். இருபது வருஷம் இப்படியே ஓடியது.

போன குளிர்காலத்தில் மூச்சிரைப்பு கண்டு படுத்தான். கஞ்சி கொண்டுபோனேன். என்னைக் குடித்துக் காட்டச் சொல்லவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லு. நீ யார்கிட்டயும் சொல்லலையே?"

"சொல்லல."

"சத்தியமா?"

"அதீனா மேல சத்தியம்."

"அப்ப எல்லாம் என் கிறுக்குதான்" என்று சிரித்துவிட்டு, கஞ்சியை மடமடவென்று குடித்தான். மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

நூல் அடித்த அன்று சாயங்காலமே நான் என் மனைவி மெலித்தாவிடம் சொல்லியிருந்தேன். அவள் ஊற்றடியில் ஒருத்தியிடம், மேஸ்திரி காதுக்கு மட்டும் எட்டவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். இருபது வருஷமாக ஊரே முறைபோட்டு வந்து அந்தச் சாய்வைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.