ஓட்டை போடாத டின்

என் அக்காள் பெரியநாயகியின் புருஷன் நாகமுத்துவின் வலது கையைப் பார்த்தாலே அந்த நாளில் எனக்குக் குமட்டும். கையில் ஒரு குறையும் கிடையாது. அது செய்த வேலைதான் அப்படி.

பெம்பானுக்கு அப்பால் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக் கடையில் அவர் சம்பளத்துக்கு இருந்தார். வெள்ளைக்காரர்களின் அவசரகாலச் சட்டம் வந்து, ஐம்பத்தொன்றில் தொழிலாளர் குடியிருந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் குவித்து முள்கம்பி வேலி அடித்தார்கள். கையோடு மாமாவிடம் ஓர் ஆணியையும் சுத்தியலையும் கொடுத்தார்கள். கடையில் எந்த டின் விற்றாலும் மேலே ஓர் ஓட்டை, கீழே ஓர் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் டின் உணவு கெடாமல் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். காலி டின்னுக்கும் அதே சட்டம்தான். மாமா பேசிக்கொண்டே குத்துவார், கொட்டாவி விட்டுக்கொண்டே குத்துவார். டின்னைத் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார்.

வேலிக்குள் வாழ்ந்த வாழ்க்கையே சீ என்று இருந்தது. ரப்பர் மரம் சீவப் போகும் பெண்களின் கொண்டையை வாசலில் அவிழ்த்து, அரிசி இருக்கிறதா என்று விரல் விட்டுத் துழாவுவார்கள். அந்த அருவருப்போடுதான் ஒவ்வொரு நாளும் விடியும். மத்தியானம் மூன்று மணிக்கு வாசலை மூடிவிடுவதால் விறகு பொறுக்கவும் வழியில்லை. வாரத்துக்கு ஒரு கட்டு விறகை லாரியில் கொண்டுவந்து வீசுவார்கள். பாதி ஈரமாக இருக்கும்.

அந்த வருஷம்தான் அக்காளுக்கு முதல் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாள் நொச்சி இலை போட்டுக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். இருந்த விறகு நான்கு நாளோடு தீர்ந்தது. ஐந்தாம் நாள் பச்சைத் தண்ணீரில் குளித்தவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது, பால் வற்றியது. கடையில் பால் டின் வாங்கினோம். இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட டின். ஈ மொய்த்து, மறுநாளே புளித்துவிடும். பத்தொன்பதாம் நாள் குழந்தை வயிற்றோட்டத்தில் போய்விட்டது. அந்த டின்னுக்கு ஓட்டை போட்டது யார்? பெற்ற அப்பனேதான். அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்காள் மறுபடி உண்டானபோது அவராகவே என்னைத் தேடி வந்தார். ரப்பர் ஷீட் போடும் கூடத்துக்குப் பின்னால் வெயிலில் கிடந்த கறுப்பு இரும்புக் குழாயடிக்கு என்னைக் கூட்டிப் போனார்.

"மாப்ள, இந்தத் தண்ணியத் தொட்டுப் பாரு."

தொட்டேன். சுட்டது.

"நெருப்பே இல்லாம சுடுதுலா. வெயிலே பாதி சூடாக்கிக் குடுத்துச்சுன்னா மீதிக்கு ரெண்டு சுள்ளி போதும். இந்தத் தடவ உங்கக்காவுக்கு முப்பது நாளும் வெந்நி ஊத்தணும்."

குழந்தை செத்ததற்கு அவர் வாய் திறந்து சொன்ன சமாதானம் அவ்வளவுதான்.

தோட்டத்து ஃபிட்டர் கிளாரன்ஸ் விவரம் தெரிந்தவர். பெட்டிக்குள் பஞ்சைத் திணி, நடுவில் கறுப்படித்த டின்னில் தண்ணீர் வை, மேலே கண்ணாடி போட்டு மூடு என்றார். பழைய தேயிலைப் பெட்டி கிடைத்தது. இரண்டு தலையணையைக் கிழித்து இலவம் பஞ்சு எடுத்தோம். பெம்பான் சைக்கிள் கடையில் ஒரு குப்பிக் கறுப்புச் சாயம் வாங்கினோம். கண்ணாடிக்கு லயத்தில் வீடு வீடாகப் போனேன். முருகன், காளி, அந்தோணியார் என்று ஆளுக்கொரு சாமி படத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்கள். பெற்றுப் பறிகொடுத்தவள் என்று அக்காள்மேல் எல்லாருக்கும் இரக்கம். கண்ணாடி போன சாமி முகங்களைக் கரப்பான் அரித்தது. அதையும் பொறுத்துக்கொண்டார்கள்.

டின்தான் கிடைக்கவில்லை. மண்பானையை வைத்துப் பார்த்தால் அது தண்ணீரைக் குளிர வைத்தது. ஈயச் சட்டியில் ஊற்றினால் ஆவி கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. வாய் குறுகிய நான்கு கேலன் மண்ணெண்ணெய் டின்தான் வேண்டும். வெளியிலிருந்து நான் கொண்டுவந்த மூன்று டின்னையும் வாசலில் இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தங்கராஜு குத்தித்தான் உள்ளே விட்டான். ஈயம் வைத்து அடைத்துக் கொடுங்கள் என்று கிளாரன்சிடம் கேட்டேன்.

"ஐயோ, வேணாம்பா. போன வருஷம் டின்ன அடைச்சு வச்சிருந்தான்னு ஒருத்தன ஏத்திட்டுப் போனாங்க. இன்னும் தடுப்புக் கேம்ப்லதான் கெடக்குறான்."

மாமா தோட்டத்துத் துரையிடம் அனுமதிச் சீட்டு கேட்டு நடந்தார். ஐந்து வாரம் நடந்தார். வெயிலில் தண்ணீர் சுடவைக்கும் கூலியைப் பார்த்து ஆபீசில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசியில் 'ஓட்டையில்லாத காலி டின் ஒன்று, குளிக்க வெந்நீருக்காக' என்று எழுதித் துரை கையெழுத்துப் போட்டார். மாமா அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்து ஊக்கும் குத்திக்கொண்டார்.

சீட்டைக் காட்டி டின்னை உள்ளே கொண்டுவந்த அன்று சம்பள நாள். கடையில் நெரிசல். டின்னைப் பலகைமேல் வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்த்தார். சார்டின் டின்னுக்கு டொக், டொக். பால் டின்னுக்கு டொக், டொக். சாயக் குப்பியோடு நான் எதிரில் நின்றிருந்தேன். யாருக்கோ சீனி விலை சொல்லிக்கொண்டே கை நீட்டி அந்தப் பெரிய டின்னை இழுத்தார். மேலே ஒரு குத்து. கவிழ்த்துக் கீழே ஒரு குத்து. பிறகுதான் குனிந்து பார்த்தார்.

மாமா தன் வலது கையைத் தூக்கி, எதையோ மிதித்துவிட்ட காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. நல்லா வேணும் என்றுதான் தோன்றியது.

இன்னொரு சீட்டு தர மாட்டோம் என்று ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். மேல் ஓட்டையால் பாதகமில்லை. அடி ஓட்டைக்கு மாமா ஓர் ஆப்பு சீவினார். தங்கராஜு அதைப் பிடுங்கி எறிந்தான்.

"ஈயம் வச்சாலும் அடைப்புதான், ரப்பர் வச்சாலும் அடைப்புதான், ஆப்பு வச்சாலும் அடைப்புதான். சீட்டுல என்னா எழுதியிருக்கு? ஓட்டையில்லாத டின். இது ஓட்ட டின்னுலா."

அடுத்த வாரம் அக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் நான் மரம் சீவிவிட்டுத் திரும்பியபோது, லயத்துக்குப் பின்னால் நான்கு கட்டைகளுக்கு மேல் அந்தப் பெட்டி ஏறியிருந்தது. அடியில் துளை போட்டிருந்தது. மாமா கீழே உட்கார்ந்து, துளைக்குள் கையை விட்டு, டின்னின் ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். மரம் சீவப் போனவர்கள் திரும்பும்வரை கடையில் வேலை இருக்காது. அந்த நேரம் முழுக்க, காலை ஒன்பதிலிருந்து, அங்கேயே இருந்திருக்கிறார். தங்கராஜு எதிரில் நின்று முறைத்துக்கொண்டிருந்தான்.

"இது என்னா?"

"வெரலு. வெரல் வைக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருந்தா சொல்லு, எடுத்துர்றேன்."

தங்கராஜு காறித் துப்பிவிட்டுப் போனான்.

பன்னிரண்டு மணிக்கு விரலுக்குக் கீழே குண்டானை வைத்துத் தண்ணீரை இறக்கினார். இரண்டே சுள்ளியில் அது கொதித்தது. மறுநாளும் அப்படியே. அக்காளுக்குப் பால் சுரந்தது. எனக்கு அந்தக் காட்சியும் பிடிக்கவில்லை. போட்டதும் அந்தக் கை, பொத்துவதும் அந்தக் கை. நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன்.

இருபத்தோராம் நாள் சரக்கெடுக்க அலோர் காஜாவுக்கு அவர் லாரியில் போக வேண்டியிருந்தது. நான் சீவலுக்கு லீவு சொல்லிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்தேன். பத்து மணி வரை ஒன்றும் தெரியவில்லை. பதினொன்றுக்கு விரல் எரிந்தது. வலதை எடுத்து இடதை வைத்தேன், இடதை எடுத்து வலதை வைத்தேன். பிறகு எலும்புக்குள் சூடு ஏறியது. அப்பனை, ஆத்தாளை, சட்டத்தை, தங்கராஜுவை எல்லாரையும் திட்டினேன். பதினொன்றரைக்கு என் கை தானாக வெளியே வந்துவிட்டது.

குண்டானை எடுக்க உள்ளே ஓடித் திரும்புவதற்குள் பாதித் தண்ணீர் மண்ணில் போய்விட்டது. மீதி அக்காளின் காலுக்கும் போதவில்லை. "பரவால்லடா தம்பி," என்றாள் அவள், குழந்தைக்குப் பால் கொடுத்தபடி. எனக்கு என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் மாமா வந்தார். ஈர மண்ணைப் பார்த்தார். என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவினார். அப்போதுதான் அவருடைய கட்டைவிரலை முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன். நுனியில் தோலே இல்லை.

"நாளைக்கு நான் உக்காந்துக்குறேன் மாப்ள," என்றார். "இன்னும் ஒம்பது நாள்தான்."