வரப்பு மேல் ஒரு குச்சு

2005 கோடை லீவில் என் மகள் பவானி பெரியவளானாள். அப்போது நானும் என் மனைவி செல்வியும் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தோம். நான் பாத்தியில் உப்பு வாரினேன், அவள் கூடையில் சுமந்தாள். அதற்கு முன் நான் லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர், குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸில் தோட்டக்காரன். படிப்பு ஆறாவதோடு சரி.

இரும்பையிலிருந்து செல்வியின் தம்பி குமார் வந்தான். தாய்மாமன் முறைப்படி சவுக்குக் கழி நட்டு, பச்சைத் தென்னங்கீற்று வேய்ந்து, பவானி உட்காரக் குச்சு கட்டினான். அன்றைக்கே செல்வி சொல்லிவிட்டாள்:

"எட்டாவதோட போதும். இனிமே ஸ்கூலு வேணாம்."

"ஏன், படிச்சா கெட்டுடுவாளா?"

"அளத்து வரப்பு மேல ஒரு மணி நேரம் நடந்து போறா. நடுவுல ஒரு புதர் உண்டா? ரெண்டு பக்கமும் ஆம்பளைங்க. துணி மாத்தணும்னா எங்க போவா? நானே காலைல இருந்து தண்ணி குடிக்காம சுமக்கறேன். மறைவா ஒரு இடம் காட்டு, அனுப்பறேன்."

குச்சுக்குள்ளிருந்து பவானி குரல் கொடுத்தாள்: "அப்பா, நான் ஒன்பதாவது போவணும்ப்பா."

மறுநாள் அளத்தில் நின்று சுற்றிப் பார்த்தேன். பாத்தி, வரப்பு, உப்பு அம்பாரம். ஒரு ஆள் மறைய இடம் இல்லை.

சடங்கு முடிந்ததும் குச்சைக் கொளுத்துவது வழக்கம். குமார் தீப்பெட்டியோடு வந்தான்.

"கொளுத்தாத மச்சான். பிரிச்சுக் கட்டு. ஒரு முனையைப் பிடி."

"எங்க மாமா?"

"அளத்துக்கு."

"உனக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்குது!"

வழியெல்லாம் திட்டினான். ஆனால் ஒரு இடத்திலும் கீழே இறக்கவில்லை. பவானி பள்ளிக்குப் போகிற வழியில் பாதியில், வரப்பு அகலமாக இருந்த இடத்தில் திரும்பக் கட்டினோம். வாசலுக்குச் சாக்குப் படுதா, உள்ளே ஒரு குடம் நல்ல தண்ணீர்.

காலையில் அளத்து மேஸ்திரி மொபெட்டில் வந்தார்.

"ஏம்பா, இது இன்னா?"

"பொம்பளைங்களுக்கு மறைவுங்க. பொண்ணுக்குக் கட்டின குச்சு."

"தீட்டுக் குச்சா? பாத்தி ஓரத்துலயா? டேய், தீட்டு பட்டா உப்பு உறைஞ்சு கட்டுமாடா? மொதலாளிக்கு யார் பதில் சொல்றது? பிரிச்சிடு. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

வேலை போனால் எனக்கு இன்னொரு ஊர். குச்சு போனால் பவானிக்கு ஒன்பதாவது இல்லை. நான் பிரிக்கவில்லை.

செல்வி தலைக்கூடையை இறக்கி வைத்தாள்.

"மேஸ்திரி, இன்னைக்கு உப்பு நல்லா கட்டியிருக்குதுங்களா?"

"கட்டியிருக்குது. அதுக்கின்னா?"

"எனக்கு இன்னைக்கு ரெண்டாம் நாளுங்க."

பின்னால் கூடையோடு வந்த குப்பம்மாள், "எனக்கு மூணாம் நாள்" என்றாள். இன்னொருத்தி, "நான் போன வாரம் பூரா அப்படித்தான் சுமந்தேன்" என்றாள்.

குப்பம்மாள் அம்பாரத்தைக் காட்டினாள். "அது மொத்தமும் எங்க தீட்டுதாங்க. கடல்ல கொட்டிடலாமா?"

பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இதையெல்லாம் ஆம்பளை கிட்ட சொல்லலாமாம்மா?"

"நீங்கதானே கேட்டீங்க!"

மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். குச்சு நின்றது. உப்பும் நிற்காமல் விளைந்தது.

ஜூனில் பள்ளி திறந்தது. பவானி புது யூனிஃபார்மில் வரப்பு மேல் வந்தாள். தனியாக இல்லை. வயசுக்கு வந்ததும் வீட்டோடு நிறுத்தப்பட்டிருந்த எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேர் கூட வந்தார்கள். சுமை தூக்கிய பெண்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். எனக்குக் கையில் வேலை ஓடவில்லை.

அடுத்த சீசனில் கீற்று மக்கி உதிர்ந்தது. ஒருநாள் மேஸ்திரியே மொபெட்டின் பின்னால் புதுக் கீற்று கட்டிக்கொண்டு வந்து போட்டார். "என் பொண்ணு ஏழாவது படிக்குதுப்பா" என்றார்.

பெண் பிள்ளை பெற்ற தம்பிமார்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அவள் பெரியவளானதும் பந்தல்காரனைத் தேடிப் போகாதீர்கள். முதலில் அவள் பள்ளிக்குப் போகிற வழியை ஒரு தடவை நடந்து பாருங்கள். எதைக் கட்ட வேண்டும் என்று அந்த வழியே சொல்லும்.