ஒற்றைப்படை கெர்னல்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் அப்போது வேலை பார்த்தேன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. எனக்கு முன்னால் இருந்தவர் துபாய் போகும்போது சர்வரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார். சர்வர் என்றால் மூலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய பெட்டிதான். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் இன்டர்நெட் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

அதில் லினக்ஸ் இருந்தது. அதை அடியில் இருந்து ஓட்டுவது கெர்னல். அதன் பதிப்பு எண்ணில் புள்ளிக்குப் பின்னால் இரட்டைப்படை வந்தால் நம்பி ஓட்டலாம். ஒற்றைப்படை வந்தால் இன்னும் சோதனையில் இருக்கிறது என்று அர்த்தம். எங்களுடையது 2.4. முன்னால் இருந்தவர் ஒருமுறை ஒற்றைப்படையை ஏற்றப்போய், நெட்வொர்க் கார்டையே அது கண்டுகொள்ளாமல் கடை மூடிக் கிடந்ததாம்.

ஒரு வியாழக்கிழமை முதலாளி சிடியோடு வந்தார். அரியலூரில் கம்ப்யூட்டர் விற்கும் அவர் மச்சான் கொடுத்தது.

"ஏம்மா, 2.5 வந்துருச்சாம்ல. நல்ல வேகமாம். இன்னைக்கே ஏத்திரு."

"அது ஒத்தப்படை சார். சர்வருக்கு ஆகாதுங்க."

அவர் சிரித்தார். "மொய்யே நூத்தியொண்ணுதான் எழுதுறோம். நூறு எழுதுனா ஊரே சிரிக்கும். நீ என்னடான்னா ரெட்டப்படைதான் ராசிங்கிற!"

இது ராசிக் கணக்கு இல்லை என்று சொல்ல வந்து, பில் நோட்டைப் புரட்டினேன். யாரிடமும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

அந்த நேரம் மறுநாளைக்கு ஒரு கம்ப்யூட்டரைச் சொல்லிவைக்க லப்பைக்குடிக்காடு ஊர் அம்மா ஒருவர் வந்தார். கணவர் சவுதியில் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் இந்த அம்மா மகளோடு வந்து அவரிடம் கேமராவில் பேசுவார். அப்பாவை 'அத்தா' என்பாள் மகள்.

"தங்கச்சி, நாளைக்கு லைன் இருக்கும்ல? மாப்பிள்ளை வூட்டுக்கு சாயங்காலம் பதில் சொல்லணும். பையன் போட்டோவப் பாத்துட்டு அத்தா மொகம் எப்படி மாறுதுன்னு தான் நேர்ல பாக்கணுங்கிறா பொண்ணு. போன்ல சொன்னா சம்மதிக்க மாட்டாளாம்."

முதலாளி சிடியை என்னிடம் நீட்டினார்.

"நான் ஏத்த மாட்டேன் சார்," என்றேன். "உங்க மச்சானையே வந்து ஏத்தச் சொல்லுங்க. நாளைக்கு லைன் நின்னா இந்தம்மாவுக்கு அவரே பதில் சொல்லட்டும்."

"அடேங்கப்பா, வாய் இருக்கா உனக்கு?" சிடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இரவு எனக்குத் தூக்கம் சரியில்லை. 2.4 கூட நாளைக்கு நின்றுபோகலாம், யார் கண்டது.

நிற்கவில்லை. ஜும்மா தொழுகை முடிந்து அம்மாவும் மகளும் வந்தார்கள். திரையில் படம் விட்டு விட்டுத்தான் வந்தது. மகள் கேமரா முன் பிடித்த போட்டோவைப் பார்க்க அத்தா திரைக்குக் கிட்டே வந்தார். "மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசு," என்றார். மகள் சிரித்துவிட்டாள். அதுவே பதில்.

அவர்கள் போனதும் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா, ஒண்ணும் ஆவல. அப்ப புதுசையே ஏத்திருக்கலாம்ல?"

ஓடியது பழைய 2.4 என்பதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்பது அவருக்கு எட்டவில்லை. அடுத்து வருகிறவருக்காக நாற்காலியைத் துடைத்துவைத்தேன்.