பெயர் போடாத தாள்கள்

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. சொன்னவர் அடுத்த வாரம் எல்லாருக்கும் டீக்குத் தொட்டுக்கொள்ள எங்கள் ஊர் வர்க்கி பிஸ்கட் வாங்கிவர வேண்டும். எந்த இடம் நன்றாக இருந்தது, ஏன் நன்றாக இருந்தது என்று பிட்டுப் பிட்டு வைத்தால் அபராதம் கிடையாது. இதுவரை அதிகமாக வர்க்கி வாங்கிக் கொடுத்தவள் நான்தான். ஒன்று பிடித்துவிட்டால் எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வராது. பிடிக்காவிட்டாலும் வராது, அது வேறு விஷயம்.

நாங்கள் கூடுவது குன்னூரில், ஒரு சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில். ஏழெட்டுப் பேர் வருவோம். மழை பிடித்துக்கொண்டால் அதில் பாதி. ஆரம்பித்து வைத்தவர் தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். ஐயா என்று கூப்பிடுவோம். ஒரு நர்ஸ் பெண் உண்டு, பேய்க்கதை தவிர வேறு எதுவும் எழுத மாட்டாள். கேத்தியில் கேரட் போடுகிற ஒரு படுகர் உண்டு. வீட்டில் படுக மொழி, எங்களோடு கொங்குத் தமிழ், தாளில் சுத்தமான செந்தமிழ். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எங்களில் புத்தகம் போட்டவர் யாரும் இல்லை. ஆனால் வாரம் முழுக்க மாடாய் உழைத்துவிட்டு, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, கையில் ரெண்டு பக்கம் எழுதியும் எடுத்து வருகிறார்களே, அடேயப்பா, சும்மா சொல்லக்கூடாது, இந்த மனிதர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு. எழுதியதை எழுதியவரே படிக்கக்கூடாது. தாளில் பெயர் போடாமல் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். ஆளுக்கு ஒன்றை எடுத்து, அது தன்னுடையது இல்லை என்றால் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் ஹாலில் இருக்கிற எல்லாரும், வேடிக்கை பார்க்க வந்தவர்கூட, ஆளுக்கு ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும். எழுதியவர் மட்டும் கடைசிவரை மூச்சு விடக்கூடாது. பேய் வந்தால் நர்ஸ், ஆலங்கட்டி மழை வந்தால் கேரட்காரர் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தாலும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்போம். முதலில் இது என்ன கோமாளித்தனம் என்று நான் ஐயாவோடு சண்டை போட்டேன். நம் வரிகள் இன்னொருவர் வாயில் இருந்து வரும்போது எது பொய், எது நிஜம் என்று நமக்கே உறைத்துவிடும் என்றார். போகப்போக அது சரியென்று எனக்கும் பட்டது.

இந்தக் கூட்டத்துக்கு இன்னொருத்தி வந்து சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். நாற்பது தாண்டியவள். மேலே ஒரு எஸ்டேட்டை ஒட்டி வீடு. ஸ்வெட்டர் பின்னிக் கடைகளுக்குப் போடுகிறாள். கூட்டத்திலும் பின்னல் ஊசியைக் கீழே வைக்க மாட்டாள். பேச்சு குறைவு. ஆனால் அவள் தாள் யார் கைக்கு வந்தாலும் ஹால் அப்படியே அடங்கிப்போகும். ஒருமுறை கம்பளி நூல் சிக்கெடுப்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். வெறும் நூல்தான். நான் படித்துக் கொண்டிருக்கும்போதே என் கண் கலங்கிவிட்டது. "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று ரெண்டு தடவை சொல்லி ரெண்டு பொட்டலம் வர்க்கி தண்டம் அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை: இவள் எழுதுகிற மாதிரி ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், எனக்கு வந்தால் போதும்.

அவள் கணவர் பிக்கப் வேன் ஓட்டுகிறவர். எமரால்டு கிராமத்துப் பக்கத்தில் இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிப் போவார். குடியில்லை, கை நீட்டுவதில்லை, சம்பாதித்ததை வீட்டில் கொடுத்துவிடுவார். ஆனால் அவள் ஒன்றை ஆரம்பித்தால் "எதுக்கு?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பாராம். சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்தாள். எதுக்கு? நின்றுவிட்டாள். தையல் வகுப்புக்குப் போனாள். எதுக்கு? அதுவும் நின்றது. அதனால் இந்தக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் "சர்ச் ஹால்ல கூட்டமுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஜெபக்கூட்டம் என்று அவரே நினைத்துக்கொண்டார்.

"நான் பொய் சொல்லலீங்க்கா. அவருக்கே அப்படிப் பட்டுது, உட்டுட்டேன்," என்றாள் என்னிடம். "கதை எழுதறேன்னு தெரிஞ்சா எதுக்குன்னு கேப்பாரு. கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. இதுவும் போச்சுன்னா நான் என்னங்க்கா பண்ணுவேன்?"

"ஏன் பதில் சொல்லத் தெரியாது? எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லு," என்று நான் எகிறினேன்.

"நீங்க சொல்லிருவீங்க்கா," என்று சிரித்துவிட்டு ஊசியைக் குத்தி இழுத்தாள். எனக்கு அவர்மேல் பொத்துக்கொண்டு வந்தது. பார்த்திராத மனிதர்மேல் இவ்வளவு கோபப்பட என்னால்தான் முடியும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் இருந்தே மழை. எங்கேயோ மரம் விழுந்து மேலே போகிற பஸ் நின்றுவிட்டது என்று கேரட்காரர் சொன்னார். அஞ்சே பேர்தான் வந்திருந்தோம். நர்ஸின் பேய் ஒரு பங்களாவின் குளியலறையில் நின்று கொண்டிருந்தது, அந்தப் பேய்க்கு ஏன் கால் இருக்கிறது என்று நான் தகராறு செய்து கொண்டிருந்தேன். அப்போது கதவு திறந்தது. ரெயின்கோட்டில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவர் நின்றார்.

"ஏனுங்க, எங்க ஊட்டுல இங்க ஜெபத்துக்கு வந்திருக்காங்க. பஸ் இல்லீன்னாங்க, கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார்.

எனக்குப் பின்னல் ஊசிகளின் சத்தம் நின்றதுதான் முதலில் கேட்டது. அவளைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. ஐயாவுக்குத்தான் இந்தக் கதை எதுவும் தெரியாதே. விருந்தாளி வந்த சந்தோஷத்தில், "ஜெபமா? இது எழுதறவங்க கூட்டமுங்க. கதை, கட்டுரை எல்லாம் எழுதிப் படிக்கிறோம். உங்க ஊட்டுலயும் எழுதறாங்களே! உக்காருங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி," என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். கடவுளே, அந்த நல்ல மனிதரை அப்போது நான் முறைத்த முறைப்பு இருக்கிறதே.

வந்தவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். வெளி ஆட்கள் முன்னால் மனைவியோடு சண்டை போடுகிற ஆள் இல்லை போல. ரெயின்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காலியாகக் கிடந்த முன்வரிசை நாற்காலியில், மேசையருகே இருந்த எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் அவருக்குப் பின்வரிசையில், நர்ஸுக்குப் பக்கத்தில் இருந்தாள். பாக்கி இருந்த தாளை எடுப்பது என் முறை. எடுத்தேன், படிக்க ஆரம்பித்தேன்.

"என் கணவரின் முகத்தைவிட முதுகை எனக்கு நன்றாகத் தெரியும்" என்று இருந்தது முதல் வரி.

வாய்விட்டுப் படித்த பிறகுதான் யார் எழுதியது என்று மண்டையில் ஏறியது. நிறுத்தினேன். மழைச் சத்தத்தில் கேட்காது, இன்னொரு நாள் படிக்கலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். ஐயா பதில் சொல்லும் முன்னால், வந்தவர் தலைக்குப் பின்னால் இருந்து அவள் என்னை நேராகப் பார்த்தாள். படிங்க்கா என்பதுபோல் மெல்லத் தலையை அசைத்தாள். அந்த ஒரு அசைப்புக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். படித்தேன்.

அவள் எழுதியிருந்தது இதுதான். கல்யாணம் ஆன நாளில் இருந்து எங்கே போனாலும், சர்ச்சுக்குள்கூட, அவர் பத்தடி முன்னால் போவார், இவள் பின்னால் போவாள். பஸ் ஸ்டாண்டில் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டுதான் கூட்டத்தில் வழி கண்டுபிடிப்பாள். சோர்ந்திருக்கிறாரா, கோபமா, பசியா என்று தோள்பட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஒருநாளும் அந்த முதுகு திரும்பி இவள் வருகிறாளா என்று பார்த்ததில்லை. போன குளிருக்கு அவருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். ஊரில் எல்லாரும் டிசைனை மார்பில் போடுவார்கள். "நான் முன்பக்கத்தை வெறுமனே விட்டுவிட்டு முதுகில் போட்டேன். அதைப் பார்க்கப்போகிறவள் நான்தானே" என்று எழுதியிருந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் வெறும் பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தார். எனக்கு அவர் முன்பக்கம்தான் தெரிந்தது. பின்னால் இருந்த நர்ஸ் அவர் முதுகைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கை மெதுவாகத் தோளுக்கு மேலே போய், பின்னால் இருந்த அந்தப் பின்னலைத் தடவிப் பார்த்தது. நான் கடைசி வரியைப் படித்து முடித்துத் தாளை மடித்தேன்.

வழக்கப்படி எல்லாரும் சொல்ல வேண்டும். நர்ஸ் ஏதோ தோள்பட்டை பற்றிச் சொன்னாள். நான் ஏதோ உளறினேன். அவர் முறை வந்ததும் ஐயா, பாவம், அதற்குள் புரிந்துகொண்டு, "நீங்க விருந்தாளி, சொல்லோணும்னு இல்லீங்க," என்றார்.

"இல்லீங்க, சொல்றேன்," என்றார் அவர். என்னைப் பார்த்துத்தான் பேசினார். குரல் உயரவில்லை. "எழுதுனவங்க ஒண்ணை உட்டுட்டாங்க. அந்த ஆளு எதுக்கு முன்னால நடக்கறான்னு எழுதலை. தேயிலைத் தோட்டத்து வழியில காட்டுமாடு நிக்கும். திருப்பத்துல நின்னுச்சுன்னா முன்னால போறவனைத்தான் முட்டும். அதுக்காக முன்னால போறவன் அவன். அதையும் எழுதியிருக்கோணும்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. பொய் சொல்கிற முகம் இல்லை அது. இத்தனை வருஷம் அப்படித்தான் நினைத்து நடந்திருக்கிறார்.

அப்போது பின்னால் இருந்து அவள் குரல் வந்தது.

"சர்ச்சுக்குள்ளயுமாங்க காட்டுமாடு?"

எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்ற வழக்கம் எங்கள் கூட்டத்தில் அன்றுதான் முதல்தடவை உடைந்தது. ஐயா தடுக்கவில்லை. கேரட்காரருக்கு மட்டும் நிலவரம் பிடிபடவில்லை. "இப்பெல்லாம் பஜாருக்கே வருதுங்களே," என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

அவர் திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "இத்தனை வருசத்துல ஊட்டுல இவ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லியே," என்றார்.

"கேக்கோணும்னா நீங்க நிக்கோணுமில்லீங்க."

மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. இனி இவள் வர மாட்டாள் என்று என் மனசு அடித்துக்கொண்டது. இந்த ஹாலில் நான் கேட்டதிலேயே நல்ல எழுத்து இன்றோடு முடிந்தது என்று நினைக்க எனக்கு அழுகையே வந்தது. அவர் என்னைப் பார்த்து, "இவ எழுதுனது இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள். "நெறைய இருக்குதுங்க. அதெல்லாம் வெளிய வரோணும்னா நான் வாராவாரம் இங்க வரோணும். ஜெபத்துக்குன்னு இல்லாம, இதுக்குன்னே வரோணும்."

என்னால் நம்பவே முடியவில்லை. பதில் சொல்லத் தெரியாது என்று என்னிடம் சொன்ன பெண்தானா இவள்!

அவர் தலையாட்டினார். என்னிடமே, "சரிங்க, வரச் சொல்லுங்க," என்றார்.

"எங்கிட்டச் சொல்லுங்க," என்றாள் அவள். "நான் இங்கதான உக்காந்திருக்கேன்."

அவர் எழுந்தார். கிளம்பிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நாற்காலியைத் தூக்கி, அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இப்போது எனக்குத் தெரிந்தது அவர் முதுகுதான். அத்தனை நுணுக்கமான பின்னலை நான் அதுவரை பார்த்ததில்லை.

"வாராவாரம் வா," என்றார் அவளிடம்.