நாலு சதவீதக் குதிரை

மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடும் வீடியோ கேம் கடையில் டிவி கெட்டுப்போனால் வேறு வாங்கிக்கலாம், வாடிக்கைக்காரர் சேமித்து வைத்த ஆட்டம் போனால் போனதுதான் என்று எனக்கு முதலில் சொன்னவன் என் பெரிய பையன் சரவணன். மூணு வருஷத்துக்கு முன்னால், சென்னையில் வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று, கடைச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டில் சும்மாதானே இருக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். எட்டாவது வரை படித்தவள். காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு நாலு டிவியையும் போடுவேன், அவ்வளவுதான். கடை வைத்து, கைதவறி ஒரு நல்ல வாடிக்கையை இழந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் இது புரியும்.

பாயின் குதிரை

மத்தியானம் சவாரி கம்மியாகிற நேரத்தில் ஆட்டோ ஓட்டும் பாஷா பாய் வருவார். ஒரு மணி நேரம், ஒரே ஆட்டம். அதில் காடு, மலை, ஊர் எல்லாம் திறந்து கிடக்கும். குதிரை ஏறி எங்கே வேண்டுமானாலும் போகலாம். இங்கே போ, அவனைப் பிடி என்று ஓரத்தில் வேலை சொல்லிக்கொண்டே இருக்கும். பாய் ஒன்றையும் செய்யமாட்டார். குதிரையைத் தேய்த்துவிடுவார், ஏரிக்கரையில் நிறுத்தி மழை விடும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். கதை நகரவே இல்லையே பாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"நாள் பூரா வண்டில ஏறுறவங்க சொல்ற எடத்துக்குத்தான் போறேன். இங்க மட்டும்தாம்மா நானா திரும்புறேன்."

குமார் சாரின் புள்ளிகள்

வேங்கிக்கால் பக்கம் ஓர் ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் குமார் சாருக்கும் அதே ஆட்டம்தான். ஆனால் அவர் வேறு மாதிரி. வரைபடத்தைத் திறந்தால் அம்மை போட்ட மாதிரி புள்ளியாக இருக்கும். இங்கே இறகு பொறுக்கு, அங்கே பெட்டியைத் திற. ஒன்று விடமாட்டார். வழியெல்லாம் பார்க்க அவருக்கு நேரமில்லை, பொத்தானை அழுத்தி ஊருக்கு ஊர் தாவிவிடுவார். அஞ்சாவது கோட்டையும் முதல் கோட்டை மாதிரியே இருக்கிறதென்று முகம் சுளிப்பார். எண்பத்தொரு சதவீதம் முடிந்தது என்று திரையில் வந்த அன்று கண்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்தார். இன்னும் கொஞ்சம்தானே சார் என்றேன்.

"ஆபீஸ்ல பெண்டிங், இங்க வந்தா இங்கயும் பெண்டிங். இதுக்கு அங்கயே உக்காந்து ஃபைல் பாத்திருப்பேன்மா."

நான் அழித்தது

போன ஆடியில் புதிதாக ஒருத்தர் வந்து அதே ஆட்டத்தைக் கேட்டார். சேமிக்கிற வரிசை நிரம்பிவிட்டது, ஒன்றை எடுத்தால்தான் இடம் என்று திரையில் வந்தது. வரிசையில் பெயர் இருக்காது. எத்தனை சதவீதம் முடிந்தது என்று மட்டும் போட்டிருக்கும். எண்பத்தொன்று குமார் சாருடையது. பாவம், இவ்வளவு பாடுபட்டிருக்கிறாரே என்று விட்டுவைத்தேன். மற்றதெல்லாம் பாதிக்கு மேலே. கடைசியில் ஒன்று, நாலு சதவீதம் என்று கிடந்தது. யாரோ தொட்டுவிட்டுப் போனதாக்கும் என்று அழித்தேன்.

மறுநாள் பாய் வந்து வரிசையில் தேடினார். கீழே வந்தார், மேலே போனார், மறுபடி கீழே வந்தார். அப்போதுதான் அந்த நாலு சதவீதம் யாருடையது என்று எனக்கு உறைத்தது. ஒரு வருஷமாக என் கண்ணெதிரே நடந்த குதிரை. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கோபப்படவில்லை. முதலிலிருந்து தொடங்கிப் பார்த்தார். ஆரம்பத்தில் அந்த ஆட்டம் ஆளை விடாது. இப்படி நட, இப்படிச் சுடு என்று ரெண்டு மணி நேரம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். பாதியில் எழுந்துவிட்டார்.

"நாலு சதவீதம்னுதாம்மா அது சொல்லும். நான் சும்மா நின்னு பாத்ததெல்லாம் அதுக்கு எப்படித் தெரியும்?"

அப்புறம் அவர் வரவில்லை. குமார் சாரின் எண்பத்தொன்று அப்படியே இருக்கிறது; அவரும் தொடவில்லை. பௌர்ணமி கிரிவலத்தில் அடி அண்ணாமலை தாண்டும்போதெல்லாம் பாயை நினைத்து ஒரு கும்பிடு போடுகிறேன். மாதாமாதம் மலையைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிற நான்தான், கடையில் உட்கார்ந்து ஒருத்தர் எவ்வளவு தூரம் போனார் என்று சதவீதம் பார்த்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பாஷா பாய் ஆட்டோவில் ஏறினால் ஒன்று சொல்லுங்கள்: அந்த ஆரம்பப் பாடத்தை மூணு வாரம் உட்கார்ந்து நானே முடித்துவிட்டேன், குதிரை ஏரிக்கரையில் நிற்கிறது.